வலது கை சும்மா இருந்த பதினோரு மாதம்

பக்கவாதத்தில் வலது கை விழுந்த அம்மாவுக்கு நாங்கள் பதினோரு மாதம் ஊட்டிவிட்டோம். காலையில் அண்ணி, மதியம் பக்கத்து வீட்டு அக்கா, ராத்திரி நான். சோற்றை நன்றாகப் பிசைந்து, குழம்பு வழியாமல், சின்னச் சின்ன உருண்டையாக. தலை வாரிவிட்டோம், ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட்டோம், மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்தோம், அதாவது இடது கையில். வலது கை மடியில் ஒரு துண்டின் மேல் கிடக்கும். அதனிடம் யாரும் எந்த வேலையும் கேட்கவில்லை. சீக்குப்பட்ட கை, ஓய்வு வேண்டும் என்று நினைத்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "பிள்ளைங்க நல்லா பார்த்துக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன், அந்தப் பழக்கத்தில் அம்மாவின் கை விஷயமாகக் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததில் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மாவின் கையில் இருந்த பலவீனம் முழுக்க மூளையில் ஏற்பட்ட அடைப்பு கொடுத்ததில்லை. ஒரு பங்கு அடைப்பு கொடுத்தது. இன்னொரு பங்கை, அன்போடு, வேளாவேளைக்கு, நாங்கள் கொடுத்தோம்.

அந்தக் கை எப்பேர்ப்பட்ட கை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா பதினாலு வயதில் இங்கே வந்து, பதினெட்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவர். 37 வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தார். கத்தரி வைத்து வெட்டுவது பின்னால் வந்தது. அம்மா விரலால் கிள்ளிப் பழகியவர். இரண்டு இலையும் ஒரு மொக்கும் விரலிடுக்கில் சேரச் சேர, கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசினால் கூடைக்குள் விழும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது கிலோ போடுவார். அப்படியென்றால் ஒரு நாளைக்கு அந்த விரல்கள் எத்தனை ஆயிரம் தடவை விரிந்து மூடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கணக்கு பின்னால் வேண்டியிருக்கும்.

2022 ஜனவரி, உறைபனி விழுந்த ஒரு விடியற்காலை. தேத்தண்ணி டம்ளர் கையிலிருந்து நழுவியது. குளிரில் மரத்துப்போயிருக்கும் என்று கையைத் தேய்த்துவிட்டு, அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தோம். வாய் ஒரு பக்கம் இழுத்த பிறகுதான் புரிந்தது. 108-ஐக் கூப்பிட்டு, மலை இறங்கி, சமவெளியில் ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடைப்பைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது. மலையில் இருப்பவர்களுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கை மரத்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே வண்டி ஏறுங்கள்.

ஆஸ்பத்திரியில் நடக்க வைத்து அனுப்பினார்கள். அதற்கு நன்றிதான், எங்கள் வீட்டுக்குப் போக 41 படி ஏற வேண்டும். ஆனால் கையைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. கிளம்பும்போது சிரித்த முகம் வரைந்த மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் பந்து ஒன்றைக் கொடுத்து, அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். பக்கவாதம் வந்த பாதி வீடுகளில் இந்தப் பந்தைப் பார்க்கலாம். இப்போது புரிகிறது, அம்மாவைப் போன்றவர்களுக்கு மடக்குவது கஷ்டமில்லை, மடக்கு தானாகவே வந்து இறுகிக்கொள்ளும், விரிப்பதுதான் வராது. டம்ளரைப் பிடிக்கும் முன் கை விரிய வேண்டும், வைத்த பிறகு மறுபடி விரிந்து விட வேண்டும். விரிக்கவே வராத கைக்கு மூடும் பயிற்சி மட்டும் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் விரல்கள் உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டன. நகம் வெட்டுவதே பெரிய பாடாகிவிட்டது.

அதோடு தோள். கைத்தசை தளர்ந்துவிட்டால் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை, கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும். இது தெரியாமல் அண்ணன் தினமும் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கித்தான் அம்மாவை எழுப்புவான். நான் குளிக்க வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுத்துத்தான் சட்டைக்குள் நுழைப்பேன். ஐந்தாவது மாதம் தோள்வலி வந்தது. ராத்திரி புரண்டு படுத்தாலே முனகுவார். வலி வந்ததும் கையை அசைக்கவே விடமாட்டார், நாங்களும் அசைக்கப் பயந்தோம், அசைக்காததால் இன்னும் இறுகியது. யாரோ புறா ரத்தம் தடவினால் கை எழும் என்றார்கள். அண்ணன் மேட்டுப்பாளையம் வரை போய் வாங்கி வந்து தடவினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று துடித்தான். ஆனால் செத்த புறாவுக்கும் அம்மாவின் மூளை நரம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அந்தக் காசில் நாலு தடவை பிசியோவிடம் போயிருக்கலாம்.

டிசம்பரில் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, முப்பது இருக்கும். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. அவர் அம்மாவின் முன்கையை மேசை விளிம்பில் வைத்து, மணிக்கட்டைத் தொங்கவிட்டு, "மேலே தூக்குங்கம்மா" என்றார். கொஞ்சம் எழுந்தது. "விரலைத் திறங்க" என்றார். கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரலும், நத்தை ஓட்டிலிருந்து வெளியே வருவது மாதிரி, ஒரு துளி நகர்ந்தன. எங்களுக்கு ஆச்சரியம். பதினோரு மாதத்தில் நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்திருக்கவும் முடியாது, கேட்டிருந்தால்தானே?

அவர் கேட்டார், "எத்தனை நாளாச்சு இந்தக் கையால ஏதாவது செஞ்சு?"

அம்மா சொன்னார், "அது செத்த கை தம்பி."

"சாகலம்மா. வேலையில்லாம இருக்கு."

அன்றைக்கு ராத்திரிதான் நான் வாசிக்க ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளரின் வேலை. அதற்கும் முன்னால், 1895-இல், மாட், ஷெரிங்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் குரங்கின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்ச்சி நரம்புகளை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். அசைவைக் கொண்டுபோகும் நரம்புகள் அப்படியே இருந்தன. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. உணர்ச்சி இல்லாமல் அசைவு சாத்தியமில்லை என்று பல காலம் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். டாப் அதே அறுவையைச் செய்து ஒரே ஒரு மாற்றம் செய்தார், குரங்கின் நல்ல கையைக் கட்டிப்போட்டார். வேறு வழியில்லாமல் குரங்கு வெட்டுப்பட்ட கையை நீட்டிச் சாப்பாட்டை எடுத்தது. ஒன்றிரண்டு நாளில் கட்டை அவிழ்த்துவிட்டால் பழையபடி நல்ல கைக்கே போய்விடும். பல நாள் கட்டி வைத்திருந்தால், அவிழ்த்த பிறகும் அந்தக் கையைப் பயன்படுத்துவது நிலைத்தது.

அவர் கொடுத்த விளக்கம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. காயம்பட்ட ஆரம்ப காலத்தில் நரம்பு மண்டலமே அதிர்ச்சியில் இருக்கும், அப்போது கை உண்மையாகவே வேலை செய்யாது. அந்தக் கையை நீட்டிப் பார்த்தால் பொருள் விழுகிறது, அல்லது தானே விழுகிறோம். நல்ல கையால் எடுத்தால் காரியம் நடக்கிறது. ஆக, இந்தக் கை வேண்டாம் என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. பிறகு அதிர்ச்சி விலகி, கைக்குக் கொஞ்சம் சக்தி திரும்பி வந்தாலும் அது வந்திருப்பதே தெரியாது, ஏனென்றால் அந்தக் கையை முயன்று பார்ப்பதே நின்றுபோயிருக்கும். பயன்படுத்தாமலிருக்கக் கற்றுக்கொள்வது என்று அவர் இதைச் சொன்னார். நம்மிடம் இதற்கு 'கைவிடுதல்' என்ற சொல் எப்போதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் நடந்தது வரிக்கு வரி அதுதான், அம்மா கற்றுக்கொண்ட பாடத்தை நாங்கள் தினமும் மூன்று வேளை ஊட்டி ஊட்டி உறுதிப்படுத்தினோம்.

அந்தக் குரங்குகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1981-இல் மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் டாப்பின் ஆய்வுக்கூடத்தில் 17 குரங்குகள் இருந்த நிலையை, அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒரு விலங்குரிமை ஆர்வலர் வெளியே கொண்டுவந்தார். போலீஸ் வந்து குரங்குகளைக் கைப்பற்றியது, வழக்கு நடந்தது, தண்டனை வந்தது, மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1985-இல் அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் இறுக்கப்பட்டதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். அந்தப் படங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அந்த உயிர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்த அறிவுதான் என் அம்மாவின் கைக்கு உதவியது. இரண்டும் உண்மை, இரண்டையும் மனசில் வைத்திருக்கிறேன்.

பிறகு டாப் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்துக்குப் போய், இதையே மனிதர்களிடம் செய்தார். பெரிய அளவில் சோதித்தது எக்ஸைட் என்ற ஆய்வு, 2006-இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர். ஒரு பாதிப் பேருக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் வரை நல்ல கையில் ஒரு தடித்த உறை. வார நாட்களில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வரை பலவீனமான கைக்குப் பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. பயிற்சி பெற்றவர்களின் கை வேகத்திலும் அன்றாடப் பயன்பாட்டிலும் தெளிவாக முன்னேறியது, ஓராண்டு கழித்தும் அது நின்றது. காத்திருந்த பாதிப் பேருக்கு ஒரு வருஷம் கழித்து அதே சிகிச்சையைக் கொடுத்தபோது அவர்களுக்கும் பலன் இருந்தது. பதினோரு மாதம் வீணாக்கிவிட்டோமே என்று குமைந்துகொண்டிருந்த எனக்கு அந்த வரியை வாசித்ததும் அழுகை வந்துவிட்டது.

ஒரு நிபந்தனை உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது, ஒரு பத்து டிகிரியாவது, தானாகத் தூக்க முடிந்தவர்களைத்தான் இதில் சேர்த்தார்கள். மேசை விளிம்பில் கையைத் தொங்கவிட்டு அந்தத் தம்பி பார்த்தது அதைத்தான்.

ஆறு மணி நேரம் எங்களால் முடியாது என்று அவரே சொன்னார். இதன் மெதுவான வடிவம் ஒன்று இருக்கிறது, வாரம் மூன்று நாள் அரை மணி நேரப் பயிற்சி, வார நாட்களில் 5 மணி நேரம் உறை, மொத்தம் 10 வாரம். அதை எடுத்துக்கொண்டோம். உறைக்கு அண்ணி பழைய கம்பளியை இரண்டு மடிப்பாகத் தைத்தார், விரல் பிரியாமல், சூடான பாத்திரம் பிடிக்கும் துணி மாதிரி. கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன என்று அண்ணன் கேட்டான். கூடவே கூடாது. சரிவில் கால் வழுக்கினால் ஊன்ற ஒரு கை வேண்டும். உறை போட்ட கையால் எதையும் எடுக்க முடியாது, ஆனால் சுவரைப் பிடிக்க முடியும், விழுந்தால் ஊன்ற முடியும். எங்கள் பாதையில் சாயங்காலம் காட்டெருமை வேறு நிற்கும் என்பதால், உறை போடும் நேரம் காலை எட்டு முதல் ஒரு மணி வரை என்று வைத்துக்கொண்டோம், வீட்டுக்குள்ளும் வாசலிலும் மட்டும்.

முதல் நாளே ஒரு விஷயம் பிசகியது. அவர் பிளாஸ்டிக் கூம்புகளும் குச்சிகளும் கொண்டுவந்திருந்தார். அம்மா இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டு, "இது பால்வாடிப் புள்ளைங்க வெளையாட்டு" என்று தள்ளிவிட்டார். அவர் கோபப்படவில்லை. "அப்ப உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்றார். அப்புறம் கூம்புகள் போய் அடுப்படிச் சாமான் வந்தது. முதல் வாரம் உருளைக்கிழங்கு, தட்டிலிருந்து கூடைக்கு. அடுத்து கேரட். பிறகு அவரைக்காய், பூண்டு, பட்டாணி, கடைசியில் மிளகு. பொருள் சின்னதாகச் சின்னதாக விரல் நுணுக்கமாக வேலை செய்ய வேண்டும். ஒரு படி முடிந்த பிறகுதான் அடுத்தது, ஒவ்வொரு சின்ன முன்னேற்றத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்படியான ஏற்றமும் டாப்பின் முறையிலேயே இருப்பதுதான், உறை மட்டும் சிகிச்சை இல்லை.

எத்தனை தடவை என்பதைப் பற்றி. 2009-இல் கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து, பக்கவாத நோயாளிகள் ஒரு அமர்வில் கையால் உண்மையான வேலையை எத்தனை தடவை செய்கிறார்கள் என்று எண்ணினார்கள். அப்படி வேலை கொடுக்கப்பட்டதே பாதி அமர்வுகளில்தான், அவற்றிலும் சராசரி 32 தடவை. விலங்கு ஆய்வுகளில் மூளையில் மாற்றம் தெரிய ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்ய வைக்கிறார்கள். 1996-இல் ராண்டால்ஃப் நூடோவின் குழு, அடைப்பு உண்டாக்கிய குரங்குகளைச் சின்னக் குழிகளிலிருந்து உணவு உருண்டைகளை எடுக்க வைத்துப் பழக்கியபோது, சேதத்துக்குப் பக்கத்தில் கைக்கென்று இருந்த மூளைப் பகுதி சுருங்காமல் நின்றது. பழக்காத குரங்குகளில் அது சுருங்கிப்போயிருந்தது. 32 என்று வாசித்ததும் எனக்கு அம்மாவின் கூடைதான் நினைவுக்கு வந்தது. நாளுக்கு ஆயிரக்கணக்கில் கிள்ளிய விரல்களிடம் போய் 32 தடவை என்றால் அது என்ன கணக்கு?

ஆனால் எண்ணிக்கை ஒன்றே மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், நான் கொஞ்ச நாள் அப்படி நினைத்து அம்மாவைப் படுத்தி எடுத்தேன். அதே லாங் 2016-இல் 85 பேரைப் பிரித்து, மொத்தம் 3,200, 6,400, 9,600 என்று வெவ்வேறு அளவில் செய்ய வைத்துப் பார்த்தார். பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்கள். அதிகம் செய்தவர்களுக்கு அதற்கேற்ப அதிகப் பலன் கிடைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பட்டாணித் தட்டை எடுத்துவருவதை நிறுத்தினேன்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது பயிற்சிக்கு வெளியே நடப்பது. டாப்பின் முறையில் ஒரு கேள்வித்தாள் உண்டு, 30 அன்றாட வேலைகள்: விளக்கு ஸ்விட்ச் போடுவது, மேசை இழுப்பறையைத் திறப்பது, பல் தேய்ப்பது, கை துடைப்பது, செருப்பு மாட்டுவது. ஒவ்வொன்றையும் அந்தக் கையால் எவ்வளவு செய்கிறீர்கள், எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள் என்று 0 முதல் 5 வரை மதிப்பெண். தினமும் நோட்டில் எழுத வேண்டும், எது எது வலது கையின் வேலை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் மாதிரி பேசி வைக்க வேண்டும். இது இல்லாமல் பயிற்சி அறையில் மட்டும் நன்றாகச் செய்துவிட்டு வீட்டில் பழையபடி மடியில் வைத்துக்கொள்பவர்கள் நிறைய.

அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். "செக்ரோலா?" என்று கேட்டார். ஆமாம், செக்ரோல்தான். வருகைப் பதிவேட்டை அப்படித்தான் தோட்டத்தில் சொல்வார்கள். அன்றையிலிருந்து அந்த நோட்டுக்குப் பெயர் செக்ரோல். முதல் நாள் 30 வேலையில் வலது கை தொட்டது இரண்டு. "அரைப்பேருகூடப் போட முடியாது" என்றார் அம்மா. அரை நாள் கூலிக்கு அங்கே அரைப்பேர்.

ஆறாம் நாள் அழுதுவிட்டார். கரண்டியைச் சுற்றித் துணி சுற்றிப் பிடி தடிமனாக்கிக் கொடுத்திருந்தோம், ரவை உப்புமா, வாய்க்குப் போகும் முன் பாதி மார்பில் விழுந்தது. ஒரு கிண்ணம் முடிக்க முக்கால் மணி நேரம். "பசிக்குது பாப்பா, ஊட்டிவிடு" என்றார். என் அம்மா பசிக்கிறது என்று கேட்கிறார், நான் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணி உள்ளே போய்விட்டார். அதைவிடக் கஷ்டமான முக்கால் மணி நேரம் எனக்கு வாழ்க்கையில் இல்லை. பிசியோ தம்பி மறுநாள் வந்து கேட்டுவிட்டு, காலைச் சாப்பாட்டில் முதல் ஐந்து வாய் மட்டும் வலது கை, மற்றது இடது கை என்று மாற்றினார். நான் பிடிவாதமாக இருந்தது தவறு. வேலை கொஞ்சம் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், ரொம்ப எட்டாத தூரத்தில் இருந்தால் மூளை மறுபடியும் அதே பழைய பாடத்தைத்தான் படிக்கும், இந்தக் கை உதவாது என்று.

சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று இதையெல்லாம் வாசித்துவிட்டு முதல் வாரத்திலேயே உறையை மாட்டிவிடாதீர்கள். 2009-இல் வெளிவந்த வெக்டர்ஸ் என்ற ஆய்வில் 52 பேர், பக்கவாதம் வந்து சராசரியாகப் பத்து நாள் ஆனவர்கள். அவர்களில் மிகக் கடுமையான பயிற்சி பெற்றவர்களுக்கு 90 நாள் கழித்துப் பார்த்தபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே கை திரும்பியிருந்தது. ஆரம்ப நாட்களில் மிதமாக, அடிக்கடி, தோளைப் பத்திரமாகத் தாங்கிக்கொண்டு. கடுமை பிறகு.

எல்லோருக்கும் கை இதே அளவு திரும்பாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நெதர்லாந்தில் 188 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. முதல் 72 மணி நேரத்துக்குள் விரலைக் கொஞ்சம் விரிக்கவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் ஓரளவாவது கைநுணுக்கம் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 சதவீதம். நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குக் கிடைத்திருக்கிறது என்றும் படிக்கலாம், எழுபத்தைந்து பேருக்குக் கிடைக்கவில்லை என்றும் படிக்கலாம். சேதம் மூளையிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பாதையையே எவ்வளவு அறுத்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் இதை முடிவு செய்கிறது, குடும்பத்தின் அன்போ நோயாளியின் மன உறுதியோ அல்ல. முயற்சி பண்ணவில்லை என்று நோயாளியைத் திட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அம்மாவை அந்த மூன்று நாளில் யாராவது "விரலைத் திறங்க" என்று கேட்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

விரல் அசையாதவர்களுக்கு எதுவுமே இல்லையா என்றால், கண்ணாடி இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுக்கப்பட்ட கையில் வலி இருப்பதாக உணர்பவர்களுக்காக 1990-களில் யோசித்த எளிய உத்தி. நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, முடியாத கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இரண்டையும் அசைக்க முயல்வது. பார்ப்பவருக்கு முடியாத கை அசைவது போலத் தெரியும். 1999-இல் அவரும் சேர்ந்து பக்கவாதம் வந்த 9 பேரிடம் இதைச் சோதித்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, கை அசைவில் ஓரளவு உண்மையான பலன் இருக்கிறது என்கிறது. நாங்கள் அண்ணியின் பீரோக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் நிறுத்தினோம், செலவு ஒன்றும் இல்லை.

குடும்பமே எல்லாவற்றையும் செய்துவிடலாமே என்றால், அதையும் நம் நாட்டிலேயே சோதித்துவிட்டார்கள். அட்டெண்ட் என்ற ஆய்வு, 2017-இல் வெளிவந்தது, இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு குழுவில் வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் நோயாளிக்குச் செய்ய வேண்டும். மற்ற குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருக்க நேர்ந்தவர்களும் இரண்டு குழுவிலும் 47 சதவீதம், வித்தியாசமே இல்லை. இதை வாசித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் நானும் அப்படி ஒரு வீட்டு ஆள்தான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை வைத்து எனக்கு அது புரிகிறது. நோயாளிக்காக உயிரைக் கொடுக்கக் குடும்பம் தயாராகத்தான் இருக்கும். எந்த வேலையை எப்போது கடினமாக்க வேண்டும், எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும், தோளை எங்கே தாங்க வேண்டும் என்பதைத் தொடர்ந்து வந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஆறாம் நாளை நான் மட்டும் இருந்திருந்தால் கெடுத்திருப்பேன். ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் மாதம் ஒரு தடவை இல்லை, வாரம் மூன்று தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் ஏறி வர வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, நான் கேட்கிறேன்.

பத்து வாரம் முடிந்தபோது செக்ரோலில் 30-க்கு 14. ஸ்விட்ச் போடுவார், முகம் துடைப்பார், கதவுத் தாழ்ப்பாளை நீக்குவார், உப்பு டப்பாவைத் திறக்க இரண்டு கையையும் சேர்த்துக்கொள்வார். ஜாக்கெட் கொக்கி இன்னும் வரவில்லை. குளிர் கூடினால் விரல் இறுகிவிடும், வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துத்தான் ஆரம்பிக்க முடிகிறது. உறை போடுவதை நிறுத்திவிட்டோம், நோட்டை நிறுத்தவில்லை.

போன ஞாயிறு அம்மாவே கேட்டார், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு வரிசைச் செடிக்குக் கூட்டிப்போகச் சொல்லி. அண்ணன் தோளைத் தாங்கியபடி, அக்குளில் கை கொடுக்காமல், இடுப்பு வாரைப் பிடித்து இறக்கினான். முக்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். இடது கை தன் போக்கில் கிள்ளிக்கொண்டிருந்தது. வலது கை ஒரு கொழுந்தின் பக்கத்தில் போகும், நிற்கும், விரல் மெதுவாகத் திறக்கும், இரண்டு விரலுக்கு நடுவே காம்பு வந்ததும் மூடும், அப்புறம் இழுக்கும். இடது கை நாலு எடுக்கும் நேரத்தில் வலது கைக்கு ஒன்று. தோளுக்கு மேலே வீசுவதெல்லாம் முடியவில்லை, மடியில் விரித்த துண்டில் விழவிட்டார், அதே துண்டு. வலது கை எடுத்ததைத் தனியாக ஒரு தட்டில் போடச் சொல்லி, கடைசியில் என்னை எண்ணச் சொன்னார். 63.

நோட்டை எடுத்து முழுப்பேர் போடப்போனேன். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"அரைப்பேர் போடு பாப்பா. முத்தின இலை நெறைய வந்துருக்கு."